வெள்ளிக்கல்லில் பத்தொன்பது நாள்

பத்து மணிக்கு மணி அடித்தது. கேள்வித்தாள் கொடுத்தாயிற்று, செல்போனை வாசல் மேஜையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், இனி ஒரு மணி வரைக்கும் தமயந்தி இந்த ஹாலை விட்டு அசைய முடியாது. அதற்காகத்தானே வந்தாள். இன்றைக்கு அவளுக்குத் தேர்வு மேற்பார்வையே கிடையாது. வளிமண்டல அறிவியல் துறையின் தலைவர், இருபத்தைந்து வருஷமாக இந்தப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர், அவரைப் போய் யார் ஹாலில் நிற்க வைப்பார்கள்? காலையில் யாரோ ஒரு ஆசிரியருக்குக் காய்ச்சல் என்று காதில் விழுந்ததும், "விடுங்க, நான் போறேன்" என்று வாய் முந்திக்கொண்டது. மூன்று மணி நேரமாவது இசக்கியின் முகத்தில் முழிக்காமல் இருக்கலாம் என்று ஒரு கணக்கு. நல்ல கணக்குப் போட்டாய் போ! வெளியே இருந்திருந்தால் டீன் கூப்பிட்டார், பல் டாக்டரிடம் போகிறேன் என்று நாலு சாக்குச் சொல்லி நழுவியிருக்கலாம். ஒரு போன் பேசியிருக்கலாம், ஒரு காபி குடித்திருக்கலாம். இங்கே இருபத்தேழு பேனா கீறுகிற சத்தமும், தலைக்கு மேல் கடகடவென்று ஆடுகிற மின்விசிறியும், நேற்றுச் சாயங்காலத்திலிருந்து மனசில் கிடக்கிற அந்த ஒன்றும்தான் துணை. சொல்லிவிடுவதா, வேண்டாமா. ஜன்னல் வரைக்கும் நடந்தாள். பதினாலு அடி. திரும்பி வந்தாள். அதுவும் பதினாலு.

நேற்று நாலரை மணிக்கு இசக்கியம்மாள் லேப்டாப்பைத் திறந்தபடியே அறைக்குள் வந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண், தமயந்தியிடம் ஐந்து வருஷமாக ஆராய்ச்சி செய்கிறவள். வெள்ளிக்கல் என்கிற மலையூர்க் கல்லூரியில் எண்பது வருஷமாக எழுதிக் குவித்த வானிலைப் பதிவேடுகளை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, ஒவ்வொரு எண்ணாகக் கம்ப்யூட்டரில் ஏற்றியவள். அதற்கு மட்டுமே மூன்று வருஷம் ஆயிற்று. கண்ணாடி நம்பர் ஏறிப்போய்விட்டது என்று அவள் அம்மா போனில் தமயந்தியிடமே சண்டைக்கு வந்தாள். "மேடம், நம்ம வெள்ளிக்கல்லுல ஒரு சிக்கல் இருக்கு" என்றாள் இசக்கி. "எண்பத்தொம்பது ஜூலைல இருந்து நவம்பர் வரைக்கும் யாரோ பாக்காமலே எழுதியிருக்காங்க." தமயந்தி பேனாவை மூடினாள், திறந்தாள். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டாள். குரல் சரியாகத்தான் வந்தது, அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "ராத்திரி வெப்பம் நாளுக்கு நாள் தாவணும்ல மேடம். மேகம் போட்டா ஒண்ணு, காத்தடிச்சா ஒண்ணு. அந்த அஞ்சு மாசம் தாவவே மாட்டேங்குது, வழுவழுன்னு போகுது. ஆனா எழுதுனது கெட்டிக்காரங்க மேடம். வாய்க்கு வந்ததைப் போடல. விஷயம் தெரிஞ்சு போட்டிருக்காங்க. எனக்கே ஆச்சரியமாப் போச்சு." பாராட்டுகிறாளாம்! முப்பத்தைந்து வருஷம் கழித்து வந்த பாராட்டு. தமயந்திக்குக் காது மடல் சுட்டது. "உங்க விதிப்படி பாத்தா ஸ்டேஷனையே எடுக்கணும். எடுத்துரட்டா மேடம்? நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள ஆய்வேட்டை ஏத்தியாகணும்." நாளைக்குச் சொல்கிறேன் என்றாள் தமயந்தி. எழுதினது நான்தான்டி என்று சொல்லவில்லை.

உங்க விதி. ஆமாம், அவள் விதிதான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்து எழுதினாள், அச்சில் வந்தது, இன்றைக்குத் தமிழ்நாட்டில் பழைய வானிலைப் பதிவுகளைத் தொடுகிற எல்லோரும் அதைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். ஒரு நிலையத்தில் ஒரு கை பொய்யாக எழுதியது தெரிய வந்தால், அந்தப் பொய் எந்தெந்த நாள் என்பதற்குச் சான்று இருந்தாலொழிய, அந்த நிலையத்தையே நீக்கிவிடு. சான்று இல்லாத இடத்தில் இரக்கம் காட்டாதே. அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு எழுந்து போய்க் கண்ணாடியில் முகம் பார்த்தது கூட ஞாபகம் இருக்கிறது. என்ன ஒரு திமிர்! மூன்று பேருடைய நிலையங்களை அந்த விதியைக் காட்டியே தூக்கி எறிந்திருக்கிறாள். ஒருத்தர் வயதானவர், கடிதம் போட்டுக் கெஞ்சினார். இப்போது வெள்ளிக்கல்லை எடுத்தால் இசக்கியின் நாலாவது அத்தியாயமே இல்லை. அந்த மலைச்சரிவில் எண்பது வருஷப் பதிவு வேறெங்கேயும் கிடையாது. மற்றதெல்லாம் எழுபதுகளுக்குப் பிறகு வந்தவை. மலையில் ராத்திரிகள் சூடேறிக்கொண்டே வருகின்றன என்று அந்தப் பெண் எண் எண்ணாகக் கோத்துக் கட்டியதெல்லாம் வெறும் ஊகமாக நிற்கும், ஆய்வேட்டை மதிப்பிடுகிறவர்கள் திருப்பி அனுப்புவார்கள், திருத்தி எழுத அவளுக்குக் காலம் இல்லை, கடைசி நீட்டிப்பும் இன்று ஐந்து மணியோடு தீர்கிறது. விதியை இந்த ஒரு தடவை விட்டுவிடு, அந்த ஐந்து மாசத்தை மட்டும் வெட்டிவிடு என்று சொல்லலாமே? ஏன் மேடம் என்று கேட்பாள். கேட்காமல் இருக்கிற பெண் இல்லை. அவளை அப்படிக் கேட்கப் பழக்கினதே யார்?

மின்விசிறி காற்றில் யாரோ ஒருத்தியின் கூடுதல் தாள் பறந்து வந்து காலடியில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தாள். தாளின் ஓரம் கையில் பட்டதும் சில்லென்று இருந்தது, ஏன் என்று தெரியவில்லை, ஹாலில் புழுக்கம்தான். சில்லென்று என்றால் விடுதியின் சிமெண்டுத் தரை. வெள்ளிக்கல் மலைக்குப் பாதி உயரத்தில் இருக்கிற ஊர். கல்லூரிப் பெண்கள் விடுதியில் பதினோராம் நம்பர் அறை. காலையில் கட்டிலிலிருந்து காலை எடுத்து வைத்தால் தரை உச்சந்தலை வரைக்கும் ஏறும். இயற்பியல் இரண்டாம் வருஷம், வானிலைப் பதிவு எடுக்கிற பொறுப்பு அவளுக்கு. வானிலைக் கூடம் மைதானத்தின் அந்தக் கோடியில், கம்பி வேலிக்குள், நாலு கால் வைத்த வெள்ளை மரப்பெட்டி, அதற்குள் வெப்பமானிகள். எட்டரை மணிக்குப் போய்க் கதவைத் திறந்து, ராத்திரி எவ்வளவு குளிர்ந்தது என்று பார்த்து எழுதிவிட்டு, குழாயைச் சாய்த்து உள்ளே இருக்கிற ஊசியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் வேலை. பத்து நிமிஷ வேலை. யாரும் அவளை மிரட்டவில்லை, வழியில் யாரும் மறித்து நிற்கவில்லை, பாம்பு கிடையாது, காய்ச்சல் கிடையாது. பின்னால் எத்தனையோ தடவை ஒரு நல்ல காரணம் கிடைக்காதா என்று தேடிப் பார்த்துவிட்டாள். ஒன்றும் அகப்படவில்லை. தூக்கம். கம்பளிக்குள் கதகதப்பாக இருந்தது, எழுந்திருக்க மனசு வரவில்லை. ஒரு மனுஷியின் வாழ்க்கையே இப்படிச் சிக்கிக்கொள்வதற்கு இதைவிடக் கேவலமான காரணம் இருக்க முடியுமா!

ஆனால் கட்டிலில் கிடந்தபடியே ஜன்னல் விளிம்பில் இருந்த தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் தெரிந்தது. அதைத்தான் பார்த்தாள். அடி வரைக்கும் வெள்ளையாக இறுகியிருந்தால் பதினெட்டு. மேலே விரற்கடை அளவு இளகியிருந்தால் இருபது. சும்மா கலங்கினாற்போல் இருந்தால் இருபத்திரண்டுக்குப் பக்கம். அதோடு தகரக் கூரையிலிருந்து பனி சொட்டுகிறதா என்று காது கொடுத்தாள். சொட்டினால் வானம் வெறிச்சென்று இருந்திருக்கிறது, ராத்திரிச் சூடெல்லாம் மேலே போய்விட்டது, அரை டிகிரி குறை. சொட்டவில்லையா, மேகம் இருந்தது, கூட்டு. எழுதினாள், பத்தொன்பது புள்ளி நாலு என்று. மறுநாள் நிஜமாகவே போய்ப் பார்த்தபோது, போவதற்கு முன்னால் பாட்டிலைப் பார்த்து ஒரு எண்ணை மனசில் வைத்துக்கொண்டு போனாள். அரை டிகிரி கூடத் தப்பவில்லை. அந்தக் கம்பி வேலிக்குள் நின்று தனியாகச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு! மேகம் ஏன் சூட்டைப் பிடித்து வைக்கிறது என்று அன்றைக்கே நூலகத்துக்கு ஓடினாள். அதுவரைக்கும் இயற்பியல் என்றால் அவளுக்கு மனப்பாடம்தான். பி.எட். முடித்து டீச்சராகப் போக வேண்டியவள். பொய் எழுத உட்கார்ந்ததில் வந்த படிப்பு இது, வேறு யாருக்காவது இப்படி வந்திருக்குமா? எதை இவள் இருபத்தைந்து வருஷமாகப் பாடம் நடத்துகிறாளோ அது அந்தப் பாட்டிலில் ஆரம்பித்தது. அதே நேரம் அந்த மரப்பெட்டிக்குள் அந்த ராத்திரியின் உண்மையான எண் பார்க்க ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தது. அடுத்த நாள் இவள் போய்க் குழாயைச் சாய்த்தாள். ஊசி நகர்ந்தது. இனி அந்த எண் உலகத்தில் எங்கேயும் இல்லை.

"மேடம்." கை தூக்கியிருந்தாள் ஒருத்தி. மூன்றாவது வரிசை, யாழினி. போயும் போயும் இவளா. போன வருஷம் துறை மொட்டைமாடியில் இருக்கிற வானிலைக் கூடத்தில், மழை பெய்கிறது என்று மேலே ஏறாமல் கீழேயே உட்கார்ந்து ஒரு நாள் பதிவை இட்டுக்கட்டி எழுதியவள். தமயந்தி அதைக் கண்டுபிடித்து, செய்முறைத் தேர்வில் அவளை ஃபெயிலாக்கி, ஒரு பருவமே பின்னால் தள்ளினாள். "ஒரு நாள்தான் மேடம்" என்று அழுதாள் பெண். ஒரு நாள் செய்தவள் முப்பது நாளும் செய்வாய் என்று இவள் சொன்னாள், கூட இருந்த ஆசிரியர்கள் தலையை ஆட்டினார்கள். "என்னம்மா?" என்று பக்கத்தில் போனாள். "பதினாலாவது கேள்வி மேடம். பதிவுல சந்தேகம் வந்தா என்னென்ன சான்றுகளைத் தேடுவீங்கன்னு கேட்டிருக்கு. பழைய ஆளுங்ககிட்ட வாய்மொழியாக் கேட்டு வாங்குனா அதுவும் சான்றுல வருமா?" கேட்கக் கூடாத கேள்வி, சொல்லக் கூடாத பதில். கேள்வியிலேயே உன் பதில் இருக்கிறது, எழுது என்று நகர்ந்திருக்க வேண்டும். "வரும்" என்றாள் தமயந்தி. "எழுதுனவங்களே வந்து சொன்னா அதைவிடப் பெரிய சான்று இல்ல." யாழினி நன்றி என்று முணுமுணுத்துவிட்டுக் குனிந்து எழுத ஆரம்பித்தாள். தேர்வு ஹாலில் பதில் சொல்லிக்கொடுத்த முதல் துறைத் தலைவர் இவளாகத்தான் இருக்கும்.

மேஜைக்கு வந்து வருகைத் தாளை நிரப்பினாள். வந்தவர்கள் எண்ணிக்கை இருபத்தேழு. ஏழு போட்டதும் கை தானாக அதன் நடுவில் ஒரு சின்னக் குறுக்குக்கோடு இழுக்கப் போனது, நிறுத்தினாள். சின்ன வயசுப் பழக்கம், பலகையில் எழுதினாலும் அப்படித்தான். வெள்ளிக்கல் பதிவேட்டிலும் அப்படித்தான் எழுதியிருப்பாள், பதினேழு, இருபத்தேழு எல்லாவற்றுக்கும் இடுப்பில் ஒரு கோடு. இசக்கி ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்தவள். ஐந்து வருஷமாக இந்தக் கையெழுத்தில் திருத்தம் வாங்குகிறவள். அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துகொண்டுதான் வந்து கேட்டாளோ, எழுதுனது கெட்டிக்காரங்க மேடம் என்று முகத்தைப் பார்த்துச் சொன்னாளே, ஆழம் பார்த்தாளோ? சேச்சே, அப்படிப்பட்ட பெண் இல்லை. தெரிந்தால் நேராகக் கேட்டுவிடுவாள். இல்லை, கேட்க மாட்டாள், கேட்டால் தன் பட்டம் போய்விடும் என்று பயந்திருப்பாள். தன்னைக் கண்டு ஒரு பெண் பயப்படுகிறாள் என்பதை இவள் எவ்வளவு சுலபமாக நம்புகிறாள், பாருங்கள். கடைசியில் கோடு போடாமல் இருபத்தேழு என்று விட்டுவிட்டாள். அந்த ஏழு யாரோ எழுதினது மாதிரி இருந்தது.

பதினொன்றரை. கால் வலித்தது, உட்காரவும் முடியவில்லை. சாலமன் சார் நினைவு வந்தது. வேறு யார் நினைவு வரும். வெள்ளிக்கல்லில் இயற்பியல் துறைக்கும் வானிலைக் கூடத்துக்கும் அவர்தான் பொறுப்பு. ஒடிசலான மனுஷன், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பார். மாணவர்கள் பதிவேட்டை மாசக்கடைசியில் கொண்டுபோய் வைத்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார். இவளுக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் விடுப்பு எடுத்தால் கட்டத்தைக் காலியாக விடுவார்கள், அவரும் ஒன்றும் சொல்ல மாட்டார். இவளும் விட்டிருக்கலாம்! அதுதான் இன்றைக்கு வரைக்கும் நெஞ்சை அறுக்கிறது. காலியாக விட்டிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். முதல் தடவை ஏன் நிரப்பினாள்? பக்கம் அழகாக இருக்க வேண்டும் என்று. ஒரு ஓட்டை கூட இல்லாமல் முப்பத்தொரு வரியும் நிறைந்திருக்கும் பக்கத்தைப் பார்த்துச் சாலமன் சார், "பலே, தமயந்தி" என்றார். அதற்குப் பிறகு எப்படிக் காலியாக விடுவது? பி.எஸ்ஸி. முடிந்ததும் அவர்தான் கடிதம் கொடுத்தார். இந்த மாணவி இரண்டு வருஷ காலத்தில் ஒரு நாள் கூட விடுபடாமல் வானிலையைப் பதிவு செய்தவர், இப்படிப்பட்ட ஒழுங்கை என் முப்பது வருஷப் பணியில் கண்டதில்லை. அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் எம்.எஸ்ஸி. இடம், அதைக் காட்டித்தான் வடக்கே பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் இடம். நேர்காணலில் ஒரு பெரியவர் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து நின்று கை கொடுத்தார். முதல் கட்டுரைக்கு வெள்ளிக்கல் பதிவுகளையே எடுத்தாள், வேறு யாரிடமும் அவ்வளவு நீண்ட தொடர் இல்லை என்பதால். அந்த ஐந்து மாசத்தை எடுத்துவிட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தாள், அறையைப் பூட்டிக்கொண்டு, ஒரு தடவை இல்லை, ஏழு தடவை. முடிவு ஒரு இம்மி நகரவில்லை. அத்தனை வருஷத்தில் சில நாள், எங்கே தெரியப் போகிறது. அறிவியலுக்கு ஒரு சேதமும் இல்லை. அதனால் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருந்ததிலேயே பேராசிரியராகிவிட்டாள். வருஷா வருஷம் முதல் வகுப்பில் பலகையில் ஒரு காலிக் கட்டம் வரைந்து, பார்க்காததை எழுதாதீர்கள், காலியாக விடுங்கள், காலிக் கட்டமும் ஒரு உண்மைதான் என்பாள். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அந்த வகுப்புக்காகவே வேறு துறையிலிருந்து வந்து உட்காருகிறவர்கள் உண்டு.

சாலமன் சார் மேல் போட்டுவிட்டால் என்ன? இப்படி ஒரு நினைப்பு வந்ததும் தமயந்தி நின்றாள். நடு ஹாலில், இரண்டு வரிசைக்கு நடுவில். செத்துப் பதினோரு வருஷம் ஆயிற்று, பெண்டாட்டியும் இல்லை, பிள்ளைகள் எங்கேயோ. அவர் ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார் இசக்கி, அந்தக் காலத்தில் பதிவு எடுத்தவருக்கு உடம்பு சரியில்லை, இன்னின்ன நாள் உத்தேசமாக எழுதியது என்று. வாய்மொழிச் சான்று! வேலை முடிந்தது. இசக்கிக்குப் பட்டம், இவளுக்கு மானம், செத்தவருக்கு என்ன நஷ்டம். எவ்வளவு சுத்தமாக வருகிறது பார், அன்றைக்குப் பாட்டிலைப் பார்த்து எண் வந்த மாதிரியே. தண்ணீர் பாட்டில் மேஜையில் இருந்தது, போய் எடுத்துக் குடிக்கலாம், போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், மேடம் தன் தாளைத்தான் பார்க்கிறார் என்று பயந்து கையால் மறைத்துக்கொண்டாள். நான் உன்னைப் பார்க்கவில்லை தாயே, எழுது. பலே, தமயந்தி என்று அந்தக் குரல் மறுபடி கேட்டது. அவர் நல்ல மனுஷர். அவரை அப்படிச் செய்தால் அதற்கப்புறம் இவளுக்குச் சோறு இறங்காது. இறங்கும், இறங்கும், இத்தனை வருஷம் இறங்கவில்லையா?

சரி, சொன்னால் என்ன ஆகும்? ஆய்வேட்டில் அடிக்குறிப்பு வரும், இன்னின்ன நாள் பதிவுகள் உண்மையல்ல, பதிவு செய்தவரே ஒப்புக்கொண்டார், பெயர் தமயந்தி. இணையத்தில் ஏறிவிடும், எடுக்க முடியாது. முதல் கட்டுரைக்குத் திருத்தக் கடிதம் எழுத வேண்டும். அந்த மூன்று பேர் படிப்பார்கள். கெஞ்சின அந்தப் பெரியவர் இருக்கிறாரோ இல்லையோ. கேன்டீனில், அட, நம்ம தமயந்தி மேடமா, காலிக் கட்டம் மேடமா என்று வாயைப் பிளப்பார்கள். யாழினிக்குக் காதில் விழும். விழட்டும், பத்தொன்பது நாள்தானே. பத்தொன்பதே நாள். அந்த எண்ணை அவள் இத்தனை வருஷமும் பத்திரமாக வைத்திருக்கிறாள். ஐந்து மாசத்தில் பத்தொன்பது காலை, மீதியெல்லாம் நனைந்த புல்லில் செருப்பு சறுக்கச் சறுக்கப் போய் எடுத்தது, ஒவ்வொன்றும் சத்தியம். ஆனால் இசக்கி வேறு ஒன்றும் சொன்னாளே. கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி, "குறைஞ்சது பாதி நாளாவது இருக்கும் மேடம், இல்லாட்டி இப்படி வழுவழுன்னு வராது" என்றாளே. அபத்தம். பாதி என்றால் எழுபதுக்கு மேல். கணக்கில் எங்கேயோ பிசகியிருப்பாள். பிசகுகிற பெண்ணா? நூற்றைம்பது நாளில் பத்தொன்பது நாள் பொய் என்றால் கோடு அப்படி வழுவழுவென்று வராது, அது தமயந்திக்கே தெரியும், அவள் கற்றுக்கொடுத்ததுதான். அப்படியானால் பத்தொன்பது என்று யார் எண்ணினது? நான்தான். எப்போது எண்ணினேன்? ஒரு நாள் எண்ணியிருக்க வேண்டும், எண்ணாமல் எப்படி எண் வரும். விடுதியிலா, வடக்கே போன பிறகா? பத்தொன்பது, பத்தொன்பது. மேலே யோசிக்கப் பிடிக்கவில்லை. ஜன்னல் வரைக்கும் நடந்தாள்.

பன்னிரண்டரைக்கு எச்சரிக்கை மணி அடித்தது. கூடுதல் தாள்களைச் சேர்த்துக் கட்டுங்கள் என்று சொல்லி நூல் கொடுத்துக்கொண்டு போனாள். யாழினியின் மேஜையில் நூலை வைத்தபோது அவள் இன்னும் பதினாலாவது கேள்வியில்தான் இருந்தாள், பக்கம் பக்கமாக. என்னத்தை எழுதுகிறாளோ. அவளைப் பார்த்தபோதுதான் தமயந்திக்கு ஒன்று தெளிந்தது. இந்தப் பெண் செய்ததுக்கு ஒரு பருவம் தண்டனை கொடுத்தாயிற்று, முடிந்தது, அவள் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுகிறாள். தனக்குத்தான் யாரும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இருபது வயசிலேயே முடிந்திருக்கும். சொல்லிவிடுவோம். ஒரு நிமிஷ வேலை. இசக்கியின் மூன்று வருஷம் தப்பும், வெள்ளிக்கல் தப்பும், அந்த மலையில் எண்பது வருஷமாகக் குளிரில் நடந்துபோய் எழுதின மற்ற பிள்ளைகள் அத்தனை பேரும் தப்புவார்கள். என் ஒருத்தியின் தூக்கத்துக்காக அவர்களையும் சேர்த்து எறிவது என்ன நியாயம்? இப்படித் தீர்மானம் வந்ததும் உடம்பு லேசாகிவிட்டது, பசிக்கக்கூடச் செய்தது. ஒரு மணி அடித்தது. தாள்களை வாங்கி எண்ணினாள், இருபத்தேழு, கட்டி ஒப்படைத்தாள், போனை வாங்கிக்கொண்டாள்.

இசக்கி வராந்தாவிலேயே காத்திருந்தாள். மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், இவளைக் கண்டதும் எழுந்தாள். கண் சிவந்திருந்தது. "ரெண்டு மாதிரியும் வச்சிருக்கேன் மேடம்" என்றாள். "வெள்ளிக்கல்லை எடுத்துட்டு ஒண்ணு, வச்சு ஒண்ணு. நீங்க சொல்லுதபடி." தமயந்தி பெஞ்சில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் கும்பலாகப் போய்க்கொண்டிருந்தார்கள், அவர்கள் போகட்டும் என்று கூடக் காத்திருக்கவில்லை. "எடுக்காதே" என்றாள். "அதை எழுதுனது நான்தான், இசக்கி. அங்கதான் படிச்சேன். எட்டரைக்குப் போகச் சோம்பேறிப்பட்டு ரூம்ல இருந்துக்கிட்டே எழுதினேன்." இசக்கி இவள் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். தமயந்தி அடிக்காகக் காத்திருக்கிற மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டாள். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தில் வந்தது வேறு. "அப்போ சான்று இருக்கு!" என்றாள், கிட்டத்தட்டக் கத்தினாள். "மேடம், அப்போ ஸ்டேஷனை எடுக்கவே வேண்டாம். அந்த நாளுகளை மட்டும் காலியாக்கிட்டு அடியில ஒரு குறிப்பு. பத்து நிமிஷம் போதும். ஐயோ மேடம், எங்கம்மாவுக்கு என்ன சொல்லன்னு தெரியாம காலைலருந்து அழுதுட்டுருந்தேன்." அவள் சிரிப்பதைப் பார்த்து இவளும் சிரித்தாள். முப்பத்தைந்து வருஷத்துச் சுமை ஒரு சிமெண்டு பெஞ்சில் இப்படி இறங்கும் என்று யார் நினைத்தார்கள்?

"இந்தாங்க" என்று இசக்கி லேப்டாப்பை இவள் மடியில் வைத்தாள். பதிவேட்டின் படம், ஆகஸ்ட் மாசம். பழுப்பேறின தாள், நீல மை, முப்பத்தொரு வரி, ஒன்று கூடக் காலி இல்லை. இருபது வயசுக் கையெழுத்து, குண்டு குண்டாக. "எந்தெந்த நாள்னு மட்டும் சொல்லுங்க, குறிச்சுக்கிடுதேன்." தமயந்தி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரலை முதல் வரியில் வைத்தாள். ஒன்றாம் தேதி, பத்தொன்பது புள்ளி எட்டு. இது போய் எடுத்தது. வேலிக் கதவு துரு, புல் ஈரம், பெட்டிக்குள் ஒரு சிலந்தி, நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரண்டாம் தேதி. இதுவும் போனதுதான், செருப்பு சறுக்கியது. மூன்று, நாலு. விரல் இறங்கிக்கொண்டே போயிற்று. எட்டாம் தேதியில் நின்றது. இது பாட்டில் பார்த்து எழுதினதாக இருக்கும். ஆனால் அன்றைக்கும் புல் ஈரமாகத்தான் இருந்தது, பெட்டிக் கதவு விரலில் ஒட்டினது கூடத் தெரிகிறது. ஒன்பது. பத்து. செப்டம்பர் பக்கத்தைத் தள்ளினாள், அக்டோபரைத் தள்ளினாள், திரும்ப ஆகஸ்டுக்கே வந்தாள். ஒவ்வொரு எண்ணையும் தொடத் தொட அவள் மைதானத்தில் நடந்துகொண்டிருந்தாள், குளிரில், எட்டரை மணிக்கு, தவறாமல். ஒரே மாதிரி ஈரம், ஒரே மாதிரி சிலந்தி. நூற்றைம்பது நாளும் போயிருந்தாள். ஒரு நாள் கூடப் போகாதது மாதிரியும் இருந்தது. ஏதாவது பத்தொன்பதைக் காட்டிவிடலாம், இசக்கி நம்புவாள், கண்ணை மூடிக்கொண்டு நம்புவாள். விரல் அந்த எட்டாம் தேதிக்கு மேலேயே நின்றது.

"அவசரமே இல்ல மேடம், நிதானமாப் பாத்துச் சொல்லுங்க" என்றாள் இசக்கி, பேனாவைத் திறந்து பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டு. "அஞ்சு மணி வரைக்கும் நேரம் கெடக்கு."